சிஸ்டர் சரி போட்ட வரி

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியும் அப்படித்தான், வாசலில் தபால் வாங்கி வைக்கிறவரும் அப்படித்தான். அவள் நர்ஸ் வேலையை விட்டுப் பதினேழு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் யாருக்காவது தலைவலி என்றால் நேராக அவள் மேஜைக்குத்தான் வருவார்கள்.

"மாத்திரை இருக்கா சிஸ்டர்?"

"தண்ணி குடிச்சீங்களா? மொதல்ல போய் ஒரு டம்ளர் தண்ணி குடிங்க."

பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

நாற்காலி, கட்டில் விற்கும் ஒரு கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் அந்த அலுவலகம். மொத்தம் பதினாறு பேர். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, டிரிப் பம்ப், மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து மருந்தை நரம்புக்குள் தள்ளுகிற இயந்திரம், அதற்கு மென்பொருள் எழுதுவதுதான் அவர்கள் தொழில். பம்பை வேறு எங்கோ ஒரு தொழிற்சாலை செய்கிறது. அது எவ்வளவு தள்ள வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்கிற புத்தியை இவர்கள் கொடுக்கிறார்கள்.

சிஸ்டர் பன்னிரண்டு வருஷம் வார்டில் நின்றவள். ஒருநாள் கனமான ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது இடுப்பில் ஏதோ 'சடக்' என்றது. இனிமேல் ஆளைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஆறு மாதம் வீட்டில் கிடந்தாள். கை வேலை கேட்டது, இடுப்பு விடவில்லை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்க வந்தவர், சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு அங்கிருந்தே போன் போட்டார். "வார்டு அனுபவம் உள்ளவங்க வேணுமாம். மிஷினைத் தட்டிப் பார்த்து குறை சொல்லணுமாம். குறை சொல்றதுக்குச் சம்பளம்! உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

நேர்முகத் தேர்வில் முதலாளி ஒரு பம்பை அவள் முன்னால் வைத்து, ஓட்டிக் காட்டச் சொன்னார். அவள் ஐந்து நிமிஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு நிமிர்ந்தாள். "கிளவுஸ் போட்ட விரலுக்கு இந்த பட்டன் பத்தாது சார். மருந்து தீர்ந்தாலும், டியூப் அடைச்சாலும் ஒரே மாதிரி கத்துது. அப்புறம், 'உறுதியா'ன்னு நாலு தடவை கேக்குது. ரெண்டாவது தடவையிலேர்ந்தே யாரும் படிக்க மாட்டாங்க, கை தானா அழுத்திட்டுப் போயிடும்." அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அவள் சேர்ந்த காலத்தில் அந்த அலுவலகத்தில் நிரல் வைத்திருந்த விதம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும். எல்லாம் மூலை அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில், ஒரு பொது ஃபோல்டரில் கிடக்கும். இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திறந்து வேலை செய்வார்கள். கடைசியாக யார் சேமிக்கிறாரோ அவர் எழுதியதுதான் நிற்கும். மற்றவருடைய ஒரு நாள் உழைப்பு போன இடம் தெரியாது. "நான் முடிக்கற வரைக்கும் யாரும் தொடாதீங்கப்பா!" என்று ஒரு குரல் எழுந்துகொண்டே இருக்கும். பிறகு பூட்டு முறை வந்தது. ஃபைலை எடுப்பவர் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும், அவர் திறந்து விடும்வரை மற்றவர்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். ஒருவர் முக்கியமான ஃபைலைப் பூட்டியபடியே தன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். இவர்கள் போன் போட்டால், எடுத்தது கல்யாணப் பெண். "அவர் போட்டோவுக்கு நிக்கறார். பூட்டா? எந்தப் பூட்டு? சாவி எங்க வெச்சிருக்கார்னு கேட்டுச் சொல்றேன், இருங்க" என்றாளாம் பாவம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் முடிவு கட்டியவன் தலைமை நிரலாளன் சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். வேறு யாராவது இதைவிட மோசமாகப் பெயர் வைப்பதற்குள் தானே வைத்துக்கொண்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்வான். ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "இனிமே நாம கிட்டுக்கு மாறப்போறோம்" என்றான். சிஸ்டர் முதலுதவிப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு, "அதை எப்பவோ வாங்கியிருக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்து அடங்கியதும், கிட் என்பது நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் ஒரு மென்பொருள் என்று பலகையில் படம் போட்டு விளக்கினான். மூலை அறைக் கம்ப்யூட்டரை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழுப் பிரதி இருக்கும். அவரவர் ஒரு கிளை பிரித்துக்கொண்டு தன் போக்கில் வேலை செய்யலாம். முடிந்ததும் பிரதானக் கிளையில் இணைத்துவிடலாம். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறிப்பு இருக்கும்.

சிஸ்டர் கை தூக்கினாள். "முழுப் பிரதின்னா இன்னிக்கு இருக்கறது மட்டுமா, இல்ல மொத நாள்லேர்ந்தா?"

"மொத நாள்லேர்ந்து, எல்லாமே."

"பழைய குறிப்பை யாராவது மாத்திட்டா?"

"ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு முத்திரை எண் உண்டு சிஸ்டர். அந்த எண்ணை கம்ப்யூட்டரே, குறிப்புல இருக்கறதையும் அதுக்கு முந்தின முத்திரையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எடுக்கும். பழசுல ஒரு புள்ளியை மாத்தினாக்கூட அதுலேர்ந்து பின்னால வர்ற அத்தனை முத்திரையும் மாறிடும். மத்தவங்க பிரதியோட ஒட்டாது. உடனே தெரிஞ்சிடும்."

"அப்படின்னா இது கேஸ் ஷீட்" என்றாள் சிஸ்டர்.

வார்டில், நோயாளிக்கு என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று எழுதி வைக்கும் கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அவளுடைய மூன்றாம் வருஷத்தில் வேறு வார்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அவர் ஷீட்டில் ஒரு இடத்தில் வெள்ளை மை பூசியிருந்தது. வலி மருந்து கொடுத்தார்களா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறை கொடுத்துவிட்டால் ஆபத்து என்று டாக்டர் நாலு மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டார். அந்த நாலு மணி நேரமும் அந்த அம்மாள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தார். அன்றிலிருந்து வெள்ளை மை என்றாலே அவளுக்கு ஆகாது.

ஆகவே மற்றவர்கள் கிட்டைக் கற்றுக்கொள்ளத் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தபோது, நிரலே எழுதத் தெரியாத சிஸ்டருக்கு அது கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் நிரலை வாசிக்கவும் கற்றுக்கொண்டாள். எழுதச் சொன்னால் வராது; ஆனால் எழுதியதைக் காட்டினால் எங்கே இடறுகிறது என்று விரலை வைத்துவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்பதால், பிரதானக் கிளையில் இணைக்கும் வேலையை முதலாளி அவளிடமே ஒப்படைத்தார். யார் எழுதினாலும் சரி, அவள் அதைச் சோதனைப் பம்பில் ஏற்றி, வலது கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்து, தன் பெயரில் குறிப்பு எழுதினால்தான் உள்ளே போகும்.

வீட்டில் மாமியாருக்கு இது எதுவும் புரிந்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டாரிடம், "என் மருமக கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்கறா" என்று சொல்லிக்கொள்வதில் குறைவில்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புகார் வந்தது.

இரண்டு பக்கம். முதல் பக்கத்தை ஆஸ்பத்திரியின் கருவிப் பிரிவு எழுதியிருந்தது. பம்ப் ஒன்று திரையில் காட்டிய வேகத்தில் ஓடவில்லை என்று ஒரு வார்டு நர்ஸ் சொல்கிறார். பம்பில் கோளாறு தெரியவில்லை, நர்ஸ் தவறாக இயக்கியிருக்கலாம். அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. நோயாளிக்குப் பாதிப்பு இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். விற்பனை மேனேஜர், "ஆபரேட்டர் மிஸ்டேக். நன்றி சொல்லி ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சுது" என்றார்.

சிஸ்டர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அது அந்த நர்ஸ் கையால் எழுதிய விளக்கத்தின் நகல். நோயாளியின் எடை தப்பாக இருந்ததால் திருத்தினேன், பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். முந்தைய திரைக்குப் பின்னால் போகும் பட்டனை அழுத்தினேன். திரை புதிய வேகத்தைக் காட்டியது. பத்தரைக்கு மருந்துப் பையைப் பார்த்தேன், பழைய வேகத்தில்தான் குறைந்திருந்தது. பம்பை நிறுத்தினேன், டாக்டரிடம் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதல் இல்லை.

"இப்படி எழுதறவ தப்பா அழுத்த மாட்டா" என்றாள் சிஸ்டர்.

சோதனைப் பம்பை எடுத்து, தண்ணீர்ப் பையை மாட்டி, கீழே அளவு ஜாடியை வைத்தாள். எடையைப் பொறுத்துத்தான் பம்ப் வேகத்தைக் கணக்குப் போடும்; அந்த எடையை மாற்றினாள். பின்னால் போகும் பட்டனை அழுத்தினாள். திரையில் மணிக்கு நாற்பது. பத்து நிமிஷம் கழித்து ஜாடியைப் பார்த்தால், பழைய வேகமான மணிக்கு அறுபது கணக்கிலேயே தண்ணீர் இறங்கியிருந்தது. இன்னொரு தடவை செய்தாள். அதே அறுபது. இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி வைத்தாள்.

கோளாறு எப்போது நுழைந்தது என்று பார்க்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முந்தைய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது. இன்றைய பதிப்பு ஓடவில்லை. நடுவில் தொள்ளாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. நட்ட நடுவில் ஒரு மாற்றத்தை எடுத்துப் பம்பில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அங்கே கோளாறு இருந்தால் முன்பாதியில் தேட வேண்டும், இல்லாவிட்டால் பின்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். பத்து தடவை பாதியாக்கினால் ஆளைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் ஏற்ற வேண்டும், ஓட்ட வேண்டும், பத்து நிமிஷம் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சோடாபுட்டி பக்கத்தில் இருந்து ஏற்றிக் கொடுத்தான். சிஸ்டர் ஜாடியைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். சரி. கோளாறு. கோளாறு. சரி.

மறுநாள் மதியம் பத்தாவது தடவையில் அந்த மாற்றம் வந்து நின்றது. மூன்று வருஷம் பழையது. எழுதியவன் சோடாபுட்டி. கணக்குப் போடும் வரி ஒன்றை இடம் மாற்றியிருந்தான். எடைத் திரையிலிருந்து முன்னால் போகும் பட்டனை அழுத்தினால் புதிய கணக்கு மோட்டாருக்குப் போகும். பின்னால் போகும் பட்டனை அழுத்தினால் திரைக்கு மட்டும் போகும். அதற்குக் கீழே, பார்த்து இணைத்தவர் என்ற இடத்தில் சிஸ்டரின் பெயர். அவள் எழுதிய குறிப்பு இரண்டே சொல்: 'சோதித்தேன். சரி.'

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். சிஸ்டர் அந்த இரண்டு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடை மாற்றும் திரையில் பின்னால் போகும் பட்டனை அன்றைக்கு அவள் அழுத்திப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போகும் அவசரமா, வேறு ஏதாவது நினைப்பா? எவ்வளவு யோசித்தும் அந்த நாள் நினைவுக்கு வரவே இல்லை. காரணம் சொல்லக்கூட ஒன்றும் அகப்படாததுதான் அவளை அதிகம் சுட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வார்டு நர்ஸைக் கேட்டாள்.

"நான் டிரிப் பம்ப் கம்பெனியிலேர்ந்து பேசறேம்மா. உங்க விளக்கத்தைப் படிச்சேன்."

"அதான் எழுதிக் குடுத்துட்டேனே மேடம்." குரலில் களைப்பு. "மெமோ குடுத்திருக்காங்க. பதில் சொல்லிட்டேன். இன்னும் என்ன?"

"நீங்க எழுதினது அத்தனையும் சரி. நான் இங்க தண்ணி விட்டுப் பார்த்துட்டேன். தப்பு உங்க மேல இல்ல. எங்க மேல. குறிப்பா என் மேல. நான்தான் பார்த்து சரின்னு விட்டவ."

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இதை எழுத்துல குடுப்பீங்களா?" என்றது குரல், மெதுவாக.

"குடுக்கறேன்."

சொல்லிவிட்டுத்தான் முதலாளி அறைக்குப் போனாள். விற்பனை மேனேஜர் ஏற்கெனவே அங்கே இருந்தார். சோடாபுட்டியிடமிருந்து விஷயம் போயிருந்தது. பன்னிரண்டு நாளில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்திலிருந்து பரிசோதகர் வருவதாக இருந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிகள் அத்தனைக்கும் பம்ப் போடுகிற ஒப்பந்தம். ஒன்றரை வருஷம் மேனேஜர் அலைந்து பிடித்தது. நிரலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார்கள்.

"கோளாறைச் சரி பண்ணுங்க, வேணாம்னு யார் சொன்னா?" என்றார் மேனேஜர். "ஆனா அந்த மூணு வருஷத்துப் பழசை அப்படியேவா காட்டணும்? நாமளே நம்ம சோதனையில கண்டுபிடிச்ச மாதிரி, போன மாசமே திருத்தின மாதிரி, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி வெச்சா என்ன?"

முதலாளி சோடாபுட்டியைப் பார்த்தார். "முடியுமா?"

அவன் மென்று முழுங்கினான். "முடியும் சார். பழைய வரலாற்றைத் திருத்தி எழுத வழி இருக்கு. ஆனா அதுக்கப்புறம் எல்லா முத்திரையும் மாறிடும். பதினாறு பேர் மெஷின்லயும் பழசு அப்படியே இருக்கும். ரெண்டும் ஒட்டாது."

"பதினாறு பேரும் நம்ம ஆளுங்கதானே? பழசை அழிச்சுட்டு புதுசை எடுத்துக்கச் சொன்னாப் போச்சு."

"சொல்லலாம்" என்றாள் சிஸ்டர். "பதினாறு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, 'இப்படி ஒண்ணு நடக்கவே இல்ல, எல்லாரும் மறந்துடுங்க'ன்னு சொல்லணும். யார் சொல்றது? நீங்களா, நானா?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க சிஸ்டர். உங்க பேரும்தான் அதுல இருக்கு. உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"என் பேர் இருக்கறதுனாலதான் நான் பேசறேன். வேற ஒருத்தர் பேரா இருந்தா ஒருவேளை வாயை மூடிட்டு இருந்திருப்பேன். அங்க ஒரு பொண்ணு மெமோ வாங்கிட்டு நிக்கறா சார். பையைப் பார்த்து, பம்பை நிறுத்தி, ஒரு ஆளைக் காப்பாத்தினதுக்கு மெமோ! நாம பூசி மெழுகினா அது அவ தலையிலேயே நின்னுடும். எழுத்துல தர்றேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்று மேனேஜர் எழுந்தே விட்டார்.

"யாரையும் கேக்கல."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சோடாபுட்டி, "எழுதினது நான் சார்" என்றான். "என் பேரும் இருக்கட்டும். எதையும் மாத்த வேணாம்."

முதலாளி நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சிஸ்டர் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சட்டைக் கையில் கிரீஸோடு கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார்.

"வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு."

"போகலாம்" என்றார் அவர். "நானும் ஒவ்வொரு லிஃப்டையும் பார்த்துட்டு உள்ள அட்டையில கையெழுத்துப் போடறேன். ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல அந்த அட்டையைத்தான் பார்ப்பாங்க. அதுக்காக அட்டையைக் கிழிச்சுட்டா, அடுத்த நாள்லேர்ந்து எந்த லிஃப்டுல நான் ஏறுவேன்? நீ சொன்னது சரிதான். போனா போகுது, பார்த்துக்கலாம்."

கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "என்னடா அங்க குசுகுசுன்னு?"

"ஒண்ணும் இல்ல அத்தை. ஆபீஸ்ல ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன்."

"அப்புறம் என்ன, காயை நறுக்கு" என்றாள் மாமியார்.

மறுநாள் காலை முதலாளி பதினாறு பேரையும் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் சரியாகத் தூங்கின மாதிரி தெரியவில்லை. வரலாற்றில் யாரும் கை வைக்க வேண்டாம், இன்றைக்கே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் போக வேண்டும் என்றார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடிதத்தை சிஸ்டர்தான் எழுதினாள். நாற்பத்தொரு ஆஸ்பத்திரிகள். கோளாறு என்ன, எப்போது வரும், திருத்தம் வரும்வரை வார்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினாள். 'எடையை மாற்றினால் பம்பை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பின்னால் போகும் பட்டனைத் தொடாதீர்கள். பையைப் பாருங்கள்.' கீழே தன் போன் எண்ணையே போட்டாள். அந்த வார்டு நர்ஸுக்குத் தனியாக ஒரு கடிதம், தானும் பன்னிரண்டு வருஷம் வார்டில் நின்றவள் என்ற ஒரு வரியோடு. அதோடு அந்த மூன்று வருஷத்து மாற்றத்தின் குறிப்பை, சோடாபுட்டி பெயர், தன் பெயர், முத்திரை எண் எல்லாவற்றோடும் அச்செடுத்து வைத்தாள்.

இரண்டு நாள் போன் ஓயவில்லை. சிலர் திட்டினார்கள். ஒருவர் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் திட்டிவிட்டுக் கடைசியில், "சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று வைத்தார். இரண்டு ஆஸ்பத்திரிகள் பம்புகளைத் திருப்பி அனுப்பிவிட்டன. எல்லாவற்றையும் சிஸ்டர் கேட்டுக்கொண்டாள். ஒரு சாக்கும் சொல்லவில்லை. நாலாம் நாள் திருத்தம் தயாரானது. அதை அவள் மட்டும் பார்க்கவில்லை. இனி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், 'சரி' என்று மொட்டையாக எழுதக் கூடாது, எந்தெந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்தினோம் என்று எழுத வேண்டும் என்று அவளே விதி போட்டாள். முதல் விதி மீறலும் அவளுடையதுதான். பழக்க தோஷத்தில் 'சரி' என்று அடித்துவிட்டாள். சோடாபுட்டி அதைத் திருப்பி அனுப்பினான். "பட்டன் வரிசை எங்க சிஸ்டர்?" அலுவலகமே அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தது.

பரிசோதகர் வந்தார். சிஸ்டரை விட மூத்த ஒரு பெண்மணி, கையில் கனமான தோல் பை, காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலாளி அறையில் பெரிய திரை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். அவர் அங்கே உட்காரவே இல்லை. நேராகப் பொது அறைக்குள் போய், ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "உங்க மெஷினைப் பார்க்கலாமா?" என்றார். அங்கே சில முத்திரை எண்களைக் குறித்துக்கொண்டார். பிறகு வேறு ஒரு மேஜை. பிறகு இன்னொன்று. ஐந்து கம்ப்யூட்டர்களில் ஒரே எண்களைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டின. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

பரிசோதகர் அந்த மூன்று வருஷத்து மாற்றத்தில் வந்து நின்றார். நின்று வாசித்தார்.

"இதைப் பார்த்து 'சரி'ன்னு எழுதினது யார்?"

"நான்தாங்க" என்று சிஸ்டர் முன்னால் வந்தாள்.

"எப்படித் தவறிச்சு?"

"எடைத் திரையில அந்தப் பட்டனை அழுத்திப் பார்க்கல. ஏன்னு எனக்கே தெரியல. யோசிச்சுப் பார்த்துட்டேன்."

"கண்டுபிடிச்சது யார்?"

"நாங்க இல்ல. ஒரு வார்டு நர்ஸ்."

அந்த அம்மாள் திரையில் மேலே போனார். புகார் வந்த நாள், பத்து தடவை பாதியாக்கித் தேடிய பதிவு, நாற்பத்தொரு கடிதம் போன நாள், திருத்தம், இரண்டு பேர் எழுதிய பட்டன் வரிசை, 'பட்டன் வரிசை எங்க சிஸ்டர்' என்ற சோடாபுட்டியின் கேள்வி உட்பட எல்லாம் தேதிவாரியாக இருந்தது. அந்தக் கேள்வியைப் படிக்கும்போது அவர் உதடு லேசாக வளைந்தது.

"இந்த வருஷம் ஒன்பது கம்பெனி பார்த்தேன்" என்றார், கண்ணாடியைக் கழற்றியபடி. "நாலு இடத்துல தப்பே இல்லாத வரலாறு காட்டினாங்க. எனக்கு அங்கதான் பயமா இருந்தது. இங்க ஒரு தப்பு நுழைஞ்ச நாளும் தெரியுது, வெளியில போன நாளும் தெரியுது." பையை மூடிக்கொண்டார். "இப்ப காப்பி குடிக்கறேன்."

ஒப்பந்தம் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதி ஆஸ்பத்திரிகள் இவர்களுக்கு, மீதி இன்னொரு கம்பெனிக்கு. மேனேஜருக்கு அந்த மீதிப் பாதி இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் புது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்போதெல்லாம் பேச்சை, "எங்க வரலாற்றை எந்த மெஷின்ல வேணும்னாலும் பாருங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார். சிஸ்டர் காதுபடவே சொல்கிறார். சிஸ்டர் கண்டுகொள்வதில்லை.

மூன்று மாதம் கழித்து, திருத்திய மென்பொருளைச் சொல்லிக் கொடுக்க அந்த ஆஸ்பத்திரிக்கு சிஸ்டரே போனாள். வார்டு வாசலில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பார்த்தவுடனே சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

"மெமோவைத் திரும்ப வாங்கிட்டாங்க மேடம்" என்றாள் அவள். "உங்க லெட்டரைக் கொண்டு போய் மெமோ குடுத்தவங்க மேஜை மேல வெச்சேன். அவங்க ரொம்ப நேரம் படிச்சாங்க. இப்படி எந்தக் கம்பெனியும் எழுதிப் பார்த்ததில்லைன்னாங்க." பிறகு மற்ற நர்ஸ்களைக் கூப்பிட்டாள். "இங்க வாங்க! இவங்கதான் நான் சொன்ன சிஸ்டர். நம்மளை மாதிரி வார்டுல இருந்தவங்களாம்."

பன்னிரண்டு வருஷம் வார்டில் நின்ற சிஸ்டருக்கு அந்தப் பெண்களின் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். தங்களில் ஒருத்தி என்று ஏற்றுக்கொள்கிற பார்வை அது. நிமிர்ந்து நின்றாள். இடுப்பு வலித்தது, பரவாயில்லை என்று இருந்தது.

பாடம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அந்த நர்ஸ் தயங்கித் தயங்கி, "ஒண்ணு சொல்லலாமா மேடம்?" என்றாள். வேகம் மாறும்போது திரையில் பழைய எண், புதிய எண் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றால் நன்றாக இருக்கும். அவசரத்தில் ஓடிவருகிறவளுக்கு எது மாறியது என்று உடனே தெரியும் என்றாள். ஒரு காகிதத்தில் படமே போட்டுக் காட்டினாள். எண்ணுக்கு எண் இடைவெளி வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

சிஸ்டர் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "உங்க முழுப் பேரை இதுல எழுதிக் குடுங்க."

"எதுக்கு மேடம்? மறுபடியும் மெமோவா?"

"இல்லம்மா. யோசனை யாருதோ அவங்க பேர் குறிப்புல இருக்கணும்."

சோடாபுட்டி ஒரு வாரத்தில் அதை எழுதி முடித்தான். சிஸ்டரும் இன்னொருவரும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு தடவை எல்லாப் பட்டனையும் அழுத்தி, வரிசையை எழுதி, பிரதானக் கிளையில் இணைத்தார்கள். குறிப்பின் முதல் வரியில் அந்த வார்டு நர்ஸின் பெயர் இருந்தது. சிஸ்டர் பொத்தானை அழுத்தியதும் அது பதினாறு கம்ப்யூட்டர்களுக்கும் போனது. உடனே அந்த நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஏறிடுச்சு" என்றாள்.

"என் பேரோடயா?"

"உங்க பேரோடதான்."

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ திரும்பிக் கத்தியது இங்கே கேட்டது. பிறகு வார்டே சேர்ந்து கைதட்டுகிற சத்தம். சிஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.